ஒரே மனிதர் தொடங்கிய இரண்டு போலீஸ்

கொஞ்சம் நீளமான பதிவு இது. ராத்திரி சாப்பாடு முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள், அவசரமில்லை.

என்னிடம் படித்து இன்று சப்-இன்ஸ்பெக்டராக இருக்கும் தம்பி ஒருவன் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊர். தலைக்கவசம், உடம்பெல்லாம் கவச உடை, கையில் நீளத் துப்பாக்கி, பின்னால் யானை மாதிரி ஒரு கவச வண்டி. கீழே, "சார், இவங்க போலீஸா, மிலிட்டரியா? இதைப் பத்தி அங்க பெரிய விவாதம் நடக்குதாமே. நல்லவேளை, நாம அந்த அளவுக்கெல்லாம் போகலை" என்று எழுதியிருந்தான்.

முப்பது வருஷம் வரலாறு நடத்தியவனிடம் இப்படி ஒரு வரியைப் போட்டுவிட்டு "குட் நைட் சார்" என்றால் சும்மா விடுவேனா? அமெரிக்கப் பங்கைப் பிறகு பார்ப்போம். அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. "நாம அந்த அளவுக்குப் போகலை." தம்பி, நாம் அந்த இடத்துக்குப் போகவில்லை என்பது உண்மைதான். நாம் புறப்பட்டதே அங்கிருந்துதான்.

முதலில் இங்கிலாந்து. 1819 ஆகஸ்ட் 16. மான்செஸ்டரில் செயின்ட் பீட்டர்ஸ் ஃபீல்டு என்ற மைதானத்தில் ஓட்டுரிமை கேட்டு ஏறக்குறைய அறுபதாயிரம் பேர் கூடினார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு உடுத்தும் நல்ல துணியை உடுத்திக்கொண்டு, குழந்தை குட்டிகளோடு வந்த கூட்டம். அப்போது ஊருக்குப் போலீஸ் என்று ஒழுங்கான அமைப்பு கிடையாது. கூட்டத்தைப் பார்த்து நீதிபதிகள் பயந்துபோய்க் குதிரைப்படையை ஏவினார்கள். உருவிய வாளோடு குதிரைகள் கூட்டத்துக்குள் புகுந்தன. பதினைந்து பேருக்குக் குறையாமல் செத்தார்கள், நூற்றுக்கணக்கானோர் காயம்பட்டார்கள். நெப்போலியனை வாட்டர்லூவில் ஜெயித்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. அதனால் ஜனங்கள் இதைக் கேலியும் கசப்புமாகப் "பீட்டர்லூ" என்று அழைத்தார்கள்.

சொந்த ஜனங்களை அடக்கப் பட்டாளத்தை இறக்கினால் என்ன ஆகும் என்பது ஆள்பவர்களுக்கும் அன்று உறைத்தது. பத்து வருஷம் கழித்து, 1829இல், உள்துறை அமைச்சர் ராபர்ட் பீல் லண்டன் மாநகரப் போலீசை உருவாக்கினார். அதன் ஒவ்வொரு அம்சத்திலும் "இது பட்டாளம் இல்லை" என்று காட்ட அவர் எடுத்துக்கொண்ட சிரமத்தைப் பாருங்கள். பட்டாளத்தின் நிறம் சிவப்பு, ஆகவே போலீசுக்கு நீலம். தலையில் சாதாரணக் குடிமகன் போடும் உயரத் தொப்பி. கையில் துப்பாக்கி இல்லை, வாள் இல்லை. ஒரு மரத்தடி மட்டும், அதையும் கோட்டின் வால்பக்கப் பையில் மறைத்து வைக்க வேண்டும். உதவிக்கு ஆள் கூப்பிட ஒரு கிலுக்கு. தலைமைப் பொறுப்பில் இரண்டு பேர். சார்லஸ் ரோவன் வாட்டர்லூவில் சண்டை போட்டவர், ரிச்சர்ட் மேய்ன் வக்கீல்.

லண்டன்காரர்கள் அவ்வளவு சுலபமாக நம்பிவிடவில்லை. சிவப்புச் சட்டைச் சிப்பாயை அவர்கள் கிண்டலாக "லாப்ஸ்டர்" என்பார்கள், நம் கடலோரத்தில் சிங்கி இறால் என்கிறோமே, அது. புதுப் போலீசுக்கு வைத்த பெயர் "வேகாத லாப்ஸ்டர்". ஏனென்றால் வேகவைக்காத லாப்ஸ்டர் நீலமாக இருக்கும், வெந்நீரில் போட்டால் சிவப்பாகிவிடும்! இந்த ஒரு கேலிப்பெயரில் இன்றைய விவாதம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்று நான் வகுப்பில் சொல்வது உண்டு. சூடேறினால் போலீஸ் பட்டாளமாகிவிடும் என்ற சந்தேகம் போலீஸ் பிறந்த நாளிலேயே பிறந்துவிட்டது.

(ஒரு சின்னத் தகவல். "பீலின் ஒன்பது கொள்கைகள்" என்று போலீஸ் பயிற்சிக் கல்லூரிச் சுவர்களில் எழுதிப்போடுவார்கள். அந்த வாசகங்களைப் பீல் எழுதவில்லை. இருபதாம் நூற்றாண்டில் சார்லஸ் ரீத் என்ற போலீஸ் வரலாற்றாசிரியர் தொகுத்துக் கொடுத்தவை அவை. கருத்து நல்ல கருத்துதான், ஆள்தான் வேறு.)

இப்போது இதே ராபர்ட் பீலின் இன்னொரு முகத்தைப் பாருங்கள். பாடப்புத்தகத்தில் இது வராது. லண்டனுக்கு முன்பு, 1812 முதல் 1818 வரை, அவர் அயர்லாந்தின் தலைமைச் செயலாளராக இருந்தார். அயர்லாந்து அன்று இங்கிலாந்தின் பிடியில் இருந்த நாடு. நிலம் பெரும்பாலும் ஆங்கிலேய வழிவந்தவர்களிடம், உழைப்பு கத்தோலிக்கக் குடியானவர்களிடம், குத்தகைக் கலவரம் ஓயாது. அங்கே பீல் 1814இல் ஒரு போலீஸ் படையைத் தொடங்கினார். 1822இல் வந்த சட்டம் அதைப் பெரிதாக்கியது. 1836இல் எல்லாம் ஒன்றாகி ஐரிஷ் கான்ஸ்டபுலரி ஆனது. 1867இல் அங்கே நடந்த கிளர்ச்சியை அடக்கிக்கொடுத்ததற்குப் பரிசாக விக்டோரியா ராணி அதற்கு "ராயல்" என்ற பட்டத்தைக் கொடுத்தார்.

இந்த ஐரிஷ் போலீஸ் எப்படி இருந்தது? தோளில் துப்பாக்கி. சீருடை கரும்பச்சை, பட்டாளத்து ரைஃபிள் படைப்பிரிவின் நிறம். குடியிருப்பு பாரக்ஸில், ஜனங்களோடு கலந்து இல்லை. சொந்த மாவட்டத்தில் வேலை கிடையாது. உத்தரவு மேலிருந்து மட்டுமே வரும், ஊருக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

ஒரே மனிதர், ஒரே காலம், இரண்டு போலீஸ். தன் ஜனங்களுக்கு நீலக்கோட்டும் மறைத்து வைத்த தடியும். ஆளப்பட வேண்டிய ஜனங்களுக்குத் துப்பாக்கியும் பாரக்ஸும். இதில் பீலைத் தனியாகத் திட்டிப் பயனில்லை, அவருக்கு இரண்டிலும் குழப்பமே இல்லை. லண்டனில் போலீஸ் வரி கட்டுகிறவனுக்கு வேலை செய்ய வேண்டும். அயர்லாந்தில் போலீஸ் அரசாங்கத்துக்கு வேலை செய்ய வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

நமக்கு வந்தது எது என்று இனி நான் சொல்லவும் வேண்டுமா?

1843இல் சிந்து மாகாணத்தைப் பிடித்த சார்லஸ் நேப்பியர் அயர்லாந்தில் வளர்ந்தவர். சிந்துவில் அவர் அமைத்த போலீசுக்கு ஐரிஷ் போலீஸே மாதிரி. அதைப் பார்த்துப் பம்பாய் மாகாணமும் மாற்றிக்கொண்டது. அடுத்தது நம் மதராஸ்.

மதராஸ் கதை கொஞ்சம் விசித்திரமானது. இங்கே போலீஸ் சீர்திருத்தம் ஜனங்களின் அழுகையிலிருந்து தொடங்கியது. கம்பெனி ஆட்சியில் வரி வசூலும் போலீஸ் வேலையும் ஒரே ஆட்களிடம் இருந்தன. கலெக்டருக்குக் கீழே தாசில்தார், அவருக்குக் கீழே சேவகர்கள். வரி கட்டாதவனைப் பிடிப்பதும் அவர்களே, திருடனைப் பிடிப்பதும் அவர்களே. இரண்டு பேருக்கும் ஒரே மருந்துதான். கிட்டி என்று ஒரு சாதனம் இருந்தது. இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரல்களை வைத்து இறுக்குவது. உச்சி வெயிலில் குனிய வைத்து முதுகில் கல் ஏற்றுவதும் உண்டு. இந்தப் புகார்கள் லண்டன் நாடாளுமன்றம் வரை போய், மதராஸில் சித்திரவதை விசாரணைக் கமிஷன் அமைத்தார்கள். 1855இல் அறிக்கை வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன. காரல் மார்க்ஸ் 1857இல் ஒரு நியூயார்க் பத்திரிகையில் இந்தியச் சித்திரவதையைப் பற்றி எழுதியபோது இந்த அறிக்கையைத்தான் எடுத்துக்காட்டினார். நம் ஊர்க் குடியானவன் விரலில் பட்ட வலி நியூயார்க்கில் அச்சாகியிருக்கிறது, யோசித்துப் பாருங்கள்.

அதன் விளைவாக வரியையும் போலீசையும் பிரித்தார்கள். 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம், மதராஸ் மாவட்டப் போலீஸ் சட்டம் வந்தது. வில்லியம் ராபின்சன் முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரல். இதுவரை நல்லதுதான். ஆனால் பிரித்த பிறகு புதுப் போலீசுக்கு எந்த அச்சை எடுத்தார்கள்? நடுவில் 1857 வந்துவிட்டது. வடக்கே சிப்பாய்கள் எழுந்து, கம்பெனி ஆட்சியே போய்விட்டது. இனிமேல் ஜனங்களைக் கண்காணிக்கப் பட்டாளத்தை மட்டும் நம்ப முடியாது, அதற்கு ஆகும் செலவும் அதிகம். ஆகவே பட்டாளத்தை விட மலிவான, ஆனால் பட்டாளம் போலவே கட்டளைக்குப் பணியும் ஒரு படை வேண்டும். லண்டன் அச்சு அதற்குச் சரிப்படாது. டப்ளின் அச்சுதான் சரி. சூப்பிரண்டெண்டுகளாக வந்தவர்களில் பலர் பட்டாளத்து ஆபீசர்கள். இந்தியர் இன்ஸ்பெக்டருக்கு மேலே போவது அரிது. மதராஸ் சட்டத்தின் அடியொற்றி 1861இல் இந்தியா முழுமைக்குமான போலீஸ் சட்டம் வந்தது.

அந்த அச்சின் தடம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. மதுரையில் "ரிசர்வ் லைன்" என்று ஒரு பஸ் ஸ்டாப் உண்டு, எத்தனையோ முறை இறங்கியிருப்பீர்கள். "லைன்" என்பது பட்டாளத்துச் சொல். சிப்பாய்களை வரிசை வரிசையாகக் குடிவைத்த இடம். "லத்தி சார்ஜ்" என்கிறோம். சார்ஜ் என்றால் எதிரிப்படை மேல் பாய்வது. ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் ஏ.ஆர். கிரவுண்டு இருக்கிறது. கான்ஸ்டபிளாகச் சேர்ந்த நம் பையன்களுக்கு நன்றாகவே தெரியும், முதலில் ஆயுதப்படை அல்லது சிறப்புக் காவல் படை பட்டாலியன், தாலுகா ஸ்டேஷன் எல்லாம் பிறகுதான். அதாவது முதலில் அணிவகுக்கவும் சுடவும் கற்றுக்கொள்கிறான். ஒரு கிழவி வந்து ஆடு காணோம் என்று அழுதால் உட்கார வைத்து எழுதிக்கொள்வது அதற்கு ரொம்பப் பிந்தி வருகிறது.

1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர். குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் ரேகை பதிய மறுத்த பிறமலைக் கள்ளர் மக்கள் மீது ஆயுதப் போலீஸ் சுட்டது. செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் உண்டு. ஜாலியன்வாலாபாக் நடந்து ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. அமிர்தசரஸில் சுட்டது பட்டாளம், அதனால் அது உலகச் செய்தி ஆனது. பெருங்காமநல்லூரில் சுட்டது போலீஸ். அதை நம் பாடப்புத்தகத்தில் சேர்க்கவே எத்தனை வருஷம் ஆயிற்று.

மறுவருஷம் மலபார் கிளர்ச்சி. மலபார் அன்று மதராஸ் மாகாணத்தில் ஒரு மாவட்டம். ஹிட்ச்காக் என்ற போலீஸ் சூப்பிரண்டெண்டின் முயற்சியில் 1921இல் மலபார் ஸ்பெஷல் போலீஸ் உருவானது. தலைமையிடம் மலப்புரம். இதைப் போலீஸ் என்பதைவிடக் குட்டிப் பட்டாளம் என்பதே பொருந்தும். கம்பெனி, பிளட்டூன், சுபேதார், ஜமேதார் என்று பட்டாளத்துப் பெயர்கள், லூயிஸ் எந்திரத் துப்பாக்கிகள் வரை ஆயுதம். மலபார் அமைதியானதும் கலைத்தார்களா? கலைக்கவில்லை. ஆந்திரக் காட்டில் அல்லூரி சீதாராம ராஜு கிளம்பியபோது அங்கே போனது. பிறகு மாகாணத்தில் எங்கே கூட்டம் கூடினாலும் "எம்.எஸ்.பி. வருகிறது" என்பதே ஒரு மிரட்டல் ஆயிற்று. ஒரு நெருக்கடிக்காக உண்டாக்கிய படை நெருக்கடி தீர்ந்த பிறகும் இருக்கும், அடுத்த வேலையைத் தானே தேடிக்கொள்ளும். இது மலபாருக்கு மட்டுமான கதை இல்லை. சற்று நேரத்தில் இதையே அமெரிக்காவில் பார்க்கப் போகிறோம்.

1948இல் ஹைதராபாத் சமஸ்தானத்துக்குள் டாங்குகளோடு இந்திய ராணுவம் போனபோது அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? "போலீஸ் நடவடிக்கை". போலீசைப் பட்டாளமாக்கி வைத்திருந்த நாட்டில் பட்டாளத்தைப் போலீஸ் என்று சொன்னது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

சரி, இப்போது தம்பி அனுப்பிய படத்துக்கு வருவோம்.

அமெரிக்காவில் நேர்மாறாகத் தொடங்கியது. நகரப் போலீஸ் லண்டன் மாதிரியில் வந்தது, துப்பாக்கி மட்டும் கூடுதல். 1878இல், மத்திய ராணுவத்தை உள்நாட்டுப் போலீஸ் வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதன் பின்னணி அவ்வளவு நல்லதில்லை. தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்கள் ஓட்டுப்போட ராணுவம் பாதுகாப்புக் கொடுத்தது அங்குள்ள வெள்ளையர்களுக்குப் பிடிக்கவில்லை. ராணுவத்தை வெளியே தள்ளுவதற்கு அது தோதாக இருந்தது.

1905இல் பென்சில்வேனியா மாநிலப் போலீஸ் உருவானது. நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தங்கள் நடந்த மாநிலம் அது. அதை அமைத்த ஜான் குரூம் எந்தப் போலீசைப் பார்த்துப் படிக்கக் கப்பல் ஏறினார்? நம்முடைய பழைய சிநேகிதன்தான், ராயல் ஐரிஷ் கான்ஸ்டபுலரி. அதே பாரக்ஸ், அதே ஒட்டாத வாழ்க்கை, குதிரை வேறு. சுரங்கத் தொழிலாளர்கள் அவர்களைக் "கறுப்புக் கோசாக்குகள்" என்று அழைத்தார்கள். ஆக, டப்ளின் விதை மதராஸிலும் விழுந்தது, பென்சில்வேனியாவிலும் விழுந்தது.

1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் கலவரம், 34 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு அந்த நகரப் போலீசில் டாரில் கேட்ஸ் என்ற அதிகாரி முன்னின்று அமைத்ததுதான் "ஸ்வாட்" என்னும் சிறப்பு ஆயுதப் பிரிவு. அதன் பெயரில் "தாக்குதல்" என்ற சொல்லை வைக்க அவர் விரும்பினார். மேலதிகாரி ஒத்துக்கொள்ளாததால் "உத்தி" என்று மாற்றினார்கள். 1969 டிசம்பரில் கறுப்புச் சிறுத்தைகள் கட்சி அலுவலகத்தின் மீது நடந்த சோதனைதான் அதன் முதல் பெரிய வேலை.

பணயக் கைதி, வங்கிக் கொள்ளை என்று அபூர்வமான ஆபத்துக்காக உண்டான பிரிவு இது. பிறகு போதைப்பொருள் ஒழிப்பு "யுத்தம்" வந்தது. பீட்டர் கிராஸ்கா என்ற ஆய்வாளரின் மதிப்பீட்டின்படி, 1980 வாக்கில் நாடு முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 3,000 முறை இறங்கிய இந்தப் படைகள், 2000த்தைத் தாண்டிய ஆண்டுகளில் சுமார் 45,000 முறை இறங்கின. பெரும்பாலானவை வீடு புகுந்து போதைப்பொருள் தேடும் வேலை. மலபார் ஸ்பெஷல் போலீஸ் கதைதான், ஆங்கிலத்தில்.

ஆயுதம் எங்கிருந்து வந்தது? 1990களில் போட்ட சட்டங்களால், ராணுவத்தில் மிஞ்சிய பொருள்களை உள்ளூர்ப் போலீசுக்குக் கொடுக்கும் திட்டம் வந்தது. சட்டப் பிரிவின் எண்ணை வைத்து அதை "1033 திட்டம்" என்கிறார்கள். 2014 வரை கொடுத்தவற்றின் அசல் விலை 500 கோடி டாலருக்கு மேல். நியாயமாகச் சொன்னால் அதில் பெரும்பகுதி கம்பளி, மேசை நாற்காலி, கம்ப்யூட்டர், முதலுதவிப் பெட்டி. ஆனால் ராணுவத் துப்பாக்கிகளும், கண்ணிவெடிக்குத் தாங்கும் கவச வண்டிகளும் அதில் இருந்தன. சான் டியேகோவில் பள்ளிகளுக்கான போலீசுக்கே இப்படி ஒரு வண்டி வந்தது! அவசரத்தில் பிள்ளைகளைக் காப்பாற்ற உதவும், உள்ளே கரடி பொம்மை வைத்திருப்போம் என்று சமாதானம் சொன்னார்கள். பெற்றோர் கொதித்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூட வாசலில் அதை ஒரு நிமிஷம் கற்பனை செய்து பாருங்கள். நான் பார்த்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

2014 ஆகஸ்ட் 9. மிசௌரி மாநிலத்தில் ஃபெர்குசன் என்ற சிற்றூர். மைக்கேல் பிரவுன் என்ற பதினெட்டு வயது இளைஞனை ஒரு போலீஸ்காரர் சுட்டுக்கொன்றார். கூடிய ஜனங்கள் முன்னால் கவச வண்டிகள் வந்தன. வண்டியின் மேலே ஒருவர் குறிபார்க்கும் துப்பாக்கியைக் கூட்டத்தை நோக்கி வைத்துக்கொண்டு படுத்திருக்கும் படத்தை உலகமே பார்த்தது. இராக்கில் சண்டை போட்டுத் திரும்பிய சிப்பாய்கள் சிலரே "நாங்கள்கூட அங்கே ஜனக்கூட்டத்தைப் பார்த்து இப்படித் துப்பாக்கியை நீட்டியதில்லை" என்ற பொருளில் எழுதினார்கள். விவாதம் சூடானது அப்போதிருந்துதான். ஒபாமா 2015இல் சில ஆயுதங்களைக் கொடுக்கத் தடை போட்டார், டிரம்ப் 2017இல் எடுத்தார், பைடன் 2022இல் மறுபடி போட்டார், 2025இல் டிரம்ப் மறுபடி எடுத்தார்.

ஃபெர்குசனைப் பற்றி நீதித்துறை 2015 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில் எனக்கு முக்கியமாகப் பட்டது கவச வண்டி இல்லை. அந்த நகராட்சி, வருமானத்துக்காகவே போலீசை ஏவி, ஏழைகள் மேல், அதிலும் கறுப்பின மக்கள் மேல், அபராதம் போட்டு வசூலித்துக்கொண்டிருந்தது. போலீஸ்காரர் என்றால் அபராதச் சீட்டு என்ற நிலை. 1855 மதராஸ் அறிக்கையைப் படித்தவனுக்கு இது பழகிய முகம். வசூலும் தடியும் ஒரே கையில்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வரலாற்று வாத்தியார் என்று சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. 1997 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸின் வடக்கு ஹாலிவுட்டில் இரண்டு வங்கிக் கொள்ளையர் உடம்பெல்லாம் கவசமும் தானியங்கித் துப்பாக்கியுமாக வெளியே வந்தார்கள். போலீசின் கைத்துப்பாக்கிக் குண்டு அவர்கள் கவசத்தைத் துளைக்கவில்லை. போலீஸ்காரர்கள் பக்கத்துத் துப்பாக்கிக் கடைக்கு ஓடி ரைஃபிள் வாங்கி வந்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன், 2008 நவம்பரில் மும்பை. துக்காராம் ஓம்ப்ளே வெறும் லத்தியோடு கசாப்பின் ஏ.கே-47ஐப் பிடித்துக்கொண்டு உயிரை விட்டார். அவருக்கு ஒரு குண்டு துளைக்காத சட்டை கொடுக்க வேண்டாம் என்று எந்த மனிதாபிமானி சொல்வான்? துப்பாக்கிகள் மலிந்த நாட்டில் போலீசுக்கு நல்ல ஆயுதம் வேண்டும் என்பது வீண் பேச்சு இல்லை.

ஆனால் சாமான் இருந்தால் காரியம் நடந்துவிடுமா? 2022 மே 24, டெக்ஸாஸ் மாநிலத்தின் யுவால்டி. தொடக்கப்பள்ளிக்குள் ஒருவன் துப்பாக்கியோடு புகுந்தான். வெவ்வேறு பிரிவுகளிலிருந்து 376 போலீசார் வந்து சேர்ந்தார்கள். ரைஃபிள் இருந்தது, கவசக் கேடயம் இருந்தது. 77 நிமிஷம் நடைபாதையிலும் வாசலிலும் நின்றார்கள். 19 பிள்ளைகளும் இரண்டு ஆசிரியைகளும் செத்தார்கள். வெளியே துடித்த பெற்றோரைத் தடுத்து நிறுத்த மட்டும் அங்கே படை இருந்தது. இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆய்வுகளும் இரண்டு பக்கமும் பேசின. ராணுவச் சாமான் கிடைத்த ஊர்களில் குற்றம் குறைந்தது என்று 2017இல் சில பொருளாதார ஆய்வுகள் சொல்லின. அந்தத் தரவிலேயே கோளாறு என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். ஜோனதன் மம்மோலோ 2018இல் மேரிலாந்து மாநிலத்தின் ஸ்வாட் பதிவுகளை ஆராய்ந்து, அதனால் குற்றமும் குறையவில்லை, போலீசாரின் பாதுகாப்பும் கூடவில்லை, ஜனங்களின் மதிப்புத்தான் குறைந்தது என்றார். கடைசியாகச் சொன்னதுதான் விலை உயர்ந்த இழப்பு. துப்புக் கொடுக்க ஆள் வராத போலீஸ் எந்த வண்டியை வைத்திருந்து என்ன?

இப்போது தம்பி கேட்டதற்கு. நம்மிடம் வஜ்ரா வண்டி இருக்கிறது. அது பெரிய விஷயமில்லை. 2018 மே 22, தூத்துக்குடி, ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். அப்போதுதான் பள்ளிப்படிப்பு முடித்த ஒரு பெண்ணும் அதில் உண்டு. வேனின் மேலே ஏறிக் குறிபார்த்த மனிதர் சீருடையில்கூட இல்லை. ஃபெர்குசனில் கூட்டத்தை நோக்கி நீட்டிய துப்பாக்கி சுடவில்லை. இங்கே சுட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டசபைக்கு வந்தது. ஓடிக்கொண்டிருந்தவர்களையும் மறைவான இடத்திலிருந்து சுட்டிருக்கிறார்கள் என்று அது சொன்னது. அதற்கு அமெரிக்கச் சாமான் எதுவும் தேவைப்படவில்லை. எதிரே நிற்பவன் அடக்கப்பட வேண்டியவன் என்ற 1859ஆம் வருஷத்து எண்ணம் போதுமானதாக இருந்தது.

இன்னொன்றும் உண்டு. காக்கிக்குள் இருக்கும் நம் பிள்ளைகளுக்காகவும் இதைச் சொல்கிறேன். டப்ளின் அச்சு ஜனங்களை மட்டும் கீழே வைக்கவில்லை, கான்ஸ்டபிளையும் சிப்பாயாகவே வைத்தது. அதிகாரி வீட்டில் துணி துவைக்கவும் நாயைக் குளிப்பாட்டவும் ஆர்டர்லி என்று காவலரை வைத்துக்கொள்ளும் வழக்கம் பட்டாளத்து வெள்ளைக்கார ஆபீசரிடமிருந்து வந்ததுதானே? அதை ஒழிக்கச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் 2022இலும் உத்தரவு போட வேண்டியிருந்தது. கேட்காமல் கீழ்ப்படியப் பழக்கப்பட்டவனிடம்தான் ஒரு நாள் "சுடு" என்றும் சொல்கிறார்கள். பிறகு விசாரணைக் கமிஷன் முன்னால் நிற்பவனும் பெரும்பாலும் அவன்தான்.

திருத்த முயற்சி நடக்காமல் இல்லை. 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் மாநிலங்களுக்குக் கட்டளைகள் போட்டது. போலீசை அரசியல் தலையீட்டிலிருந்து காக்க ஓர் ஆணையம், புகார் விசாரிக்கத் தனி அமைப்பு, துப்பறிவதைச் சட்டம் ஒழுங்கிலிருந்து பிரிப்பது என்று நல்ல கட்டளைகள். நம் மாநிலம் 2013இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. போலீஸ் மேல் புகார் விசாரிக்கும் மாநில ஆணையத்துக்குத் தலைவர் யார் என்று பார்த்தால் உள்துறைச் செயலாளர். மாமியார் மேல் புகாரை மாமனாரிடம் கொடுப்பது போல. 1859ஆம் வருஷத்துச் சட்டம் "மதராஸ்" என்ற பெயரை மட்டும் "தமிழ்நாடு" என்று மாற்றிக்கொண்டு நடமாடுகிறது.

அந்த அச்சு பிறந்த அயர்லாந்தில் என்ன ஆயிற்று என்பதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான். 1922இல் அயர்லாந்துக்குச் சுயாட்சி கிடைத்தது, ராயல் ஐரிஷ் கான்ஸ்டபுலரியைக் கலைத்தார்கள். புது அரசு புதுப் போலீஸ் அமைத்தது. அந்த நேரத்தில் அங்கே உள்நாட்டுப் போரே நடந்துகொண்டிருந்தது. போலீசுக்கு ஆயுதம் வேண்டும் என்று வாதாட அதைவிட நல்ல காரணம் கிடைக்குமா? முதலில் ஆயுதம் கொடுக்கத்தான் செய்தார்கள். பயிற்சி முகாமிலேயே கலகம் வெடித்தது. பிறகு யோசித்து, துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டு, வெறுங்கையோடு கிராமங்களுக்கு அனுப்பினார்கள். ஆயுத பலத்தால் ஜெயிக்கப் போவதில்லை, மக்களின் ஊழியர்கள் என்ற மரியாதையால்தான் ஜெயிக்க வேண்டும் என்பதே முதல் கமிஷனர் மைக்கேல் ஸ்டெய்ன்ஸின் நிலை. "அமைதியின் காவலர்" என்று பொருள்படும் "கார்டா ஷீகானா" என்று பெயர் வைத்தார்கள். நூறு வருஷம் தாண்டியும், சில சிறப்புப் பிரிவுகளைத் தவிர, சீருடைக் காவலர்கள் துப்பாக்கி இல்லாமல்தான் ரோந்து போகிறார்கள். அவர்கள் கழற்றிப் போட்ட சட்டையை நாம் 1947க்குப் பிறகும் கழற்றவில்லை.

டப்ளினில் நர்ஸாக இருக்கும் நம் மாணவி இதைப் படித்தால், அடுத்த முறை வெளியே போகும்போது ஒரு போலீஸ்காரரைப் பார்த்துவிட்டு, அவர் இடுப்பில் என்ன இருந்தது, வழி கேட்டால் எப்படிப் பதில் சொன்னார் என்று கீழே எழும்மா. காக்கியில் இருக்கும் தம்பிகளும் எழுதலாம். பெயர் போட்டு எழுதச் சங்கடமாக இருந்தால் எனக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.